மீன்கொத்திக்கு ஒரு ஃப்ளூயிட் ஹெட்

அந்தக் காலையில் நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. வெயில் ஏறி, ஏரித் தண்ணீர் தெளிந்தது. கேமராவுக்குப் போதுமான வெளிச்சம் வந்தது.

2. கருப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒன்று மதகுப் பக்கமிருந்து வந்து, பாதிப் பனை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. இறக்கைகள் துடித்தன. தலை அசையவில்லை.

3. நான் கேமராவை ஓடவிட்டேன்.

4. எனக்குப் பின்னால் குந்தியிருந்த எத்திராஜ் அண்ணன், ஏரி முழுக்கக் கேட்கும்படி, "சைலன்ஸ்" என்று கத்தினார்.

5. மீன்கொத்தி போய்விட்டது. கொக்குகள் போயின. நீர்க்காகங்கள் போயின. தண்ணீருக்குள் கிடந்த எருமைகள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு அமைதியாக இருந்தன.

6. கேமரா வெறும் வானத்தை எடுத்துக்கொண்டே இருந்தது.

7. "பழக்கதோஷம் மேடம்," என்றார் எத்திராஜ் அண்ணன். "கேமரா ஓடுற சத்தம் காதுல வுழுந்தா வாய் தானா கத்திருது."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் அது. இடம், திருவண்ணாமலைப் பக்கம் அடி அண்ணாமலையைத் தாண்டி, மலை சுற்றும் பாதையிலிருந்து சற்று விலகி இருக்கும் ஏரி. மெட்ராஸில் சினிமாக் கேமராக்களை வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட் ஒன்றில் எத்திராஜ் அண்ணன் பல வருடங்களாக வேலை பார்த்தவர். ஆயிரம் பேர் கூடிய படப்பிடிப்புகளை அடக்கிய தொண்டை. அதை ஒரு பறவைக்காக அடக்கச் சொன்னவள் நான்.

அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதற்கு, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு வேலைகள்

போன வாரம் இந்தத் தொடரை, கேமராப் படிப்பு முடிந்து வெளியே வந்ததோடு நிறுத்தியிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் எனக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன.

ஒன்று, கோடம்பாக்கத்தில் ஃபிலிம் கழுவும் ஒரு லேபில் நெகட்டிவ் பார்ப்பது. ஜன்னல் இல்லாத அறை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வரலாம். "பொம்பளைப் பிள்ளைக்கு லேப்தான் பாதுகாப்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மற்றொன்று, தில்லியில் காட்டுயிர்ப் படங்கள் எடுக்கும் ஒரு பிரிவு. அங்கே கேமராவுக்கு ஒரே ஒரு இடம். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் ஒரே பரீட்சைதான் வைத்திருந்தார்கள். காட்டில் திரியும் ஏதாவது ஓர் உயிர், அது செய்யும் ஒரு முழுச் செயல், ஆரம்பம் முதல் முடிவு வரை நடுவில் வெட்டு இல்லாத ஒரே ஷாட். பங்குனி பிறப்பதற்குள் அனுப்ப வேண்டும்.

நான் மீன்கொத்தியைத் தேர்ந்தெடுத்தேன். என் ஊர் கீழ்பென்னாத்தூர். சின்ன வயதில் ஏரிக்கரைமேல் பள்ளிக்கூடம் போகும்போது தினம் பார்த்த பறவை. மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து குறி பார்க்கும். இது மட்டும் காற்றில் நின்று பார்க்கும். பிறகு கல்லைப் போட்டதுபோல நேராக விழும்.

நிற்பது, விழுவது, மீனோடு எழுவது. மூன்றும் ஒரே ஷாட்டில் வந்துவிட்டால் தில்லி. வராவிட்டால் இருட்டறை.

ஹெட் என்பது

கேமராவின் மூன்றுகால் ஸ்டாண்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு கழுத்து இருக்கும். அதற்குத்தான் எங்கள் தொழிலில் ஹெட் என்று பெயர். கேமரா பக்கவாட்டில் திரும்புவதும், மேலும் கீழும் குனிவதும் அதில்தான்.

சாதாரண ஹெட்டில் இரும்போடு இரும்பு உரசும். திருப்பத் தொடங்கும்போது ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, பிறகு வெடுக்கென்று விடும். கல்யாண வீட்டைப் படம் எடுப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் நீள லென்ஸைப் போட்டால்தான் தெரியும். பறவை எவ்வளவு பெரிதாகிறதோ அந்த வெடுக்கும் அவ்வளவு பெரிதாகும். பார்ப்பவருக்குப் பறவை விழுவதாகத் தோன்றாது. படிக்கட்டில் இறங்குவதாகத் தோன்றும்.

ஃப்ளூயிட் ஹெட்டில் உரசும் இடத்தில் கெட்டியான எண்ணெய் அடைத்திருப்பார்கள். தேனுக்குள் கரண்டியைத் திருப்புவதுபோல இருக்கும். தொடக்கமும் தெரியாது, நிறுத்தமும் தெரியாது.

நீள லென்ஸுக்கு ஹெட் தேடுகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இன்று என்னைக் கேட்டால் சொல்வேன். கேமராவைப் பாதிக் குனிவில் விட்டுக் கையை எடுத்தால் அங்கேயே நிற்கிறதா. உங்கள் கேமராவின் எடைக்கு அது செய்யப்பட்டதா, வேறு எடைக்கா. வெயிலில் வைத்த பிறகும் அதே ஹெட்டாக இருக்கிறதா. கடைசியாக, அதை யார் தூக்கப்போகிறார்கள்.

அன்று நான் வேறு எதையோ பார்த்தேன்.

ரப்பர் பேண்டு

அவுட்டோர் யூனிட்டின் கேமரா அறை மெட்ராஸில் அந்தக் காலத்தில் ஏ.சி. செய்யப்பட்ட அபூர்வமான அறைகளில் ஒன்று. கேமராக்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. மேனேஜர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யூனிட்ல எத்தனை பேரும்மா?"

"நான்தாங்க."

"கேமராமேன்?"

"நான்தாங்க."

"டைரக்டர்?"

"அதுவும் நான்தாங்க."

"அப்போ சாப்பாடு யாரு போடறது?"

அறையில் இருந்த உதவியாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மூன்று வருடப் படிப்பில் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயங்களில் அதுவும் ஒன்று.

அவரிடம் இரண்டு ஃப்ளூயிட் ஹெட்டுகள் இருந்தன. பெரியது சினிமாக் கேமராக்களுக்கானது. சின்னது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பதினாறு எம்.எம். படம் எடுக்க வந்தபோது விற்றுவிட்டுப் போனது. என்னுடையதும் பதினாறு எம்.எம். கேமராதான், சினிமாக் கேமராவைவிட மிகச் சின்னது.

"பெரிய ஹெட்டு வேணும்னா ஆள் கூட வரும்," என்றார் மேனேஜர். "யானையத் தனியா அனுப்புவாங்களா? பாகனும் வருவான். அதுதான் இங்க வழக்கம். சின்னது வேணும்னா கையெழுத்துப் போட்டுட்டு நீயே எடுத்துட்டுப் போ."

சின்ன ஹெட்டின் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, ஒரு விரலால் மெல்ல இழுத்தேன். இது வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோதனை. நல்ல ஹெட்டாக இருந்தால் ரப்பர் நீண்டு, கேமரா தொடங்கியதே தெரியாமல் திரும்பும். திரும்பியது. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஜன்னல் வரை வெண்ணெய்போலப் போனது.

எடுத்துக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. பறவை கூச்சமுள்ளது, இரண்டு பேர் இருந்தால் வராது. இன்னொருவருக்கு அறையும் சாப்பாடும் பார்க்க முடியாது.

சொல்லிக்கொள்ளாத காரணமும் ஒன்று இருந்தது. முகம் தெரியாத ஒருவரோடு நாள் முழுக்க இருப்பதைவிடத் தனியாக இருப்பது எனக்குச் சுலபம். வகுப்பில் கனமான எதையும் தூக்கப் போனால் யாராவது ஒரு பையன் வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வான். "நீ லைட் மீட்டரைப் புடி" என்பான். மூன்று வருடமும் வெளிச்சத்தை அளக்கும் அந்தச் சின்னக் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். அந்த ஓரம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

"கூட யாரு?"

திருவண்ணாமலையில் தனியாக வரும் பெண்ணுக்கு லாட்ஜில் அறை தர மாட்டேன் என்றார்கள். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது கேட்டார்: "கூட யாரும் வரலியா?"

பஸ் கண்டக்டர் கேட்டார். இட்லிக் கடைக்காரர் கேட்டார். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெண்கள் கேட்டார்கள். யாரும் குத்தலாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் நான் சினிமாப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா என்னோடு பேச்சைக் குறைத்திருந்தார். கடலை மூட்டைகளோடு மண்டிக்கு வந்தவர், ஒருநாள் சாயங்காலம் கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இங்கதான் இருக்கியாமே."

"ஒரு பறவையப் படம் எடுக்கறேம்பா. ஏரியில."

"பறவைய எதுக்கும்மா படம் எடுக்கணும்? அதான் பறக்குதே."

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கூட யாரு?"

"யாரும் இல்லப்பா."

"வூட்டுக்கு வந்துட்டுப் போ. அம்மா கேக்குது," என்று சொல்லிவிட்டு, வண்டி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் போகவில்லை. படத்தை முடித்துவிட்டு, சொல்வதற்கு ஏதாவது கையில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

ஏரிக்கரையில் கருவேல மரத்தடியில் சாக்கும் தென்னங்கீற்றும் வைத்து ஒரு மறைவு கட்டினேன். முன்பக்கம் ஒரு ஓட்டை. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். விடியும்போது போனால் வெயில் தணியும்போது திரும்புவேன். சில நாட்கள் "ஒரு டீ" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்க மாட்டேன்.

மீன்கொத்தி என்னைச் சட்டை செய்யவில்லை. அது வந்தது, நின்றது, விழுந்தது. என் ஹெட்தான் கைவிட்டது.

காரணம் எளிது. நான் சோதித்தது ஏ.சி. அறையில். அங்கே எண்ணெய் கெட்டியாக இருந்தது. என் ஃபிலிமுக்குப் போதிய வெளிச்சம் வருவதோ வெயில் ஏறிய பிறகு. அதற்குள் ஹெட் தொட முடியாமல் சுடும். எண்ணெய் ரசம்போல இளகும். அடுத்த தவறு, நான் பக்கவாட்டில் மட்டும் திருப்பிப் பார்த்திருந்தேன். இந்தப் பறவையோ நேர் கீழே விழுகிறது. அதைத் தொடரக் கேமராவைக் குனியவிட்டால், நீள லென்ஸின் கனம் மூக்கைப் பிடித்து இழுக்க, பறவைக்கு முன்னால் கேமரா தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கையால் தாங்கினேன். கேமரா ஆடியது.

மெட்ராஸுக்குப் போய் அந்த ஃபிலிம் சுருள்களைக் கழுவிப் பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டிலும் பறவை மேல்பக்கமாக நழுவி வெளியே போனது. பிறகு வெறும் தண்ணீர். தண்ணீரில் ஒரு வளையம். விழுந்தது யார் என்று படத்தில் இல்லை.

இரண்டு சுருள்கள் மிச்சம் இருந்தன. பங்குனிக்கு நாளும் அதிகம் இல்லை. கேமரா அறைக்குப் போய், பெரிய ஹெட்டைக் கொடுங்கள் என்றேன். "யாருப்பா போறீங்க?" என்று மேனேஜர் உள்ளே பார்த்துக் கேட்டார். பறவை என்றதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். திருவண்ணாமலை என்றதும் ஒருவர் கையைத் தூக்கினார்.

தலைவர்

எத்திராஜ் அண்ணன் அந்த ஹெட்டைத் தலைவர் என்றுதான் சொல்வார். நிழலில்தான் வைப்பார். "தலைவர் வெயில்ல ஜாஸ்தி நிக்க மாட்டாரு மேடம். பெரிய பெரிய ஹீரோவெல்லாம் பாத்தவரு."

அவர் வந்த முதல் நாள் காலையில்தான் சைலன்ஸ் நடந்தது. ஒரு சுருளில் பெரும்பகுதி அதில் போயிற்று. எனக்கு வந்த கோபத்தை நான் வெளியே காட்டவில்லை. அவரை மறைவிலிருந்து தள்ளி, ஒரு பனைமரத்தடியில் உட்காரச் சொன்னேன். அங்கிருந்தும் பேசுவார்.

"ஹீரோ இன்னும் வரலியா மேடம்?"

"வரும்ணா. பேசாம இருங்க."

"லேட்டா வந்தாத்தான் ஹீரோ. சீக்கிரம் வந்தா அது கேரக்டர் ஆக்டர்."

பெரிய ஹெட்டில் எண்ணெய் வெயிலுக்கு அசையவில்லை. மேலே ஒரு ஈரத்துண்டையும் போட்டுவைத்தேன். "தலைவருக்கு ஜலதோஷம் புடிக்கப் போவுது" என்றார் எத்திராஜ் அண்ணன். ஆனால் வேறு சிக்கல் வந்தது. கனமான சினிமாக் கேமரா குனியும்போது அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே பெரிய ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். என் கேமராவோ அதில் கால் பங்கு எடைகூட இல்லை. குனியவைத்துக் கையை எடுத்தால், ஸ்பிரிங் அதை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க வைத்தது. சின்ன ஹெட் கீழே இழுத்தது, பெரியது மேலே தள்ளியது.

எடையைக் குறைப்பதுதான் கஷ்டம், ஏற்றுவது கஷ்டமில்லை. அடி அண்ணாமலையில் ஒரு கடலைக் கடையில் பழைய எடைக்கற்களை இரவல் வாங்கி, கேமராவுக்கு அடியில் இருக்கும் தட்டில் சேர்த்துக் கட்டினேன். கடைசிச் சரிக்கட்டலுக்கு ஒரு துணிப்பையில் வேர்க்கடலை. ஒரு பிடி போடுவது, ஒரு பிடி எடுப்பது. ஒரு மத்தியானம் முழுக்க அதைச் செய்து, கேமராவை எந்தக் குனிவில் விட்டாலும் அங்கேயே நிற்கும்படி ஆக்கினேன்.

மறுநாள் காலை அது மறுபடி வானத்தைப் பார்த்தது. பையைத் தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணா, கடலை கம்மியா இருக்கே."

"நாலே நாலுதான் மேடம். டீக்கு தொட்டுக்க."

அதற்குப் பிறகு பைக்குள் மணலைப் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நாட்களில் அவருடைய பேச்சு எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர் சத்திரத்துக்குப் போய், நான் மாடியறைக்கு வந்து, விளக்கைப் போட்டு லென்ஸைத் துடைக்கும்போது மட்டும், அறை முன்பைவிட அமைதியாக இருப்பதாகத் தோன்றும்.

பௌர்ணமி

கடைசி நாள். அடுத்த நாள் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்கு ஹெட் போய்ச் சேர வேண்டும்; அன்று ராத்திரி பஸ்ஸில் கிளம்பியே ஆக வேண்டும். இருந்தது ஒரே சுருள். விடியும்போது இருவருமாக ஸ்டாண்டை நிறுத்தி, ஹெட்டை ஏற்றி, கேமராவைக் கட்டினோம். எத்திராஜ் அண்ணன் பனைமரத்தடிக்குப் போகாமல் நின்றார்.

"மேடம், இன்னிக்கு பௌர்ணமி."

"தெரியும்ணா."

"திருவண்ணாமலைன்னு சொன்னதாலதான் நான் வரேன்னேன். பொண்ணுக்கு வரன் அமையணும்னு வேண்டிக்கிட்டேன். ஒரு சுத்து மலை சுத்திட்டு வந்துட்றேன். எல்லாம் ராத்திரிதான் சுத்துவாங்க. ராத்திரி நாம பஸ்ஸுல இருப்போம்."

"கோயில்லேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

"வட்டத்துக்கு ஏது மேடம் ஆரம்பம். இங்கேர்ந்து போனா இங்கயே வந்துடப்போறேன்."

போய்வாருங்கள் என்றேன். அவருடைய வேண்டுதலை மதித்துச் சொன்னது கொஞ்சம். இன்று ஒரு நாளாவது யாரும் பேசாமல் இருக்கட்டும் என்பது மிச்சம். "நான் வர வரைக்கும் தலைவர நகத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் பனைமரத்தடியில் வைத்துவிட்டு நடந்தார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தேன். முந்தின நாள் வயலுக்கு மதகைத் திறந்திருந்தார்கள். தண்ணீர் இறங்கி, நாங்கள் பார்த்து வைத்திருந்த இடம் சேறாகிவிட்டது. மீன்கொத்தி வந்தது, மதகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் கருவேலங்கிளை. கிளைக்குப் பின்னால் அது விழுந்து மீனோடு எழுந்ததைப் பார்த்தேன். திரும்ப வந்தது. மறுபடியும் அங்கேயே.

கரைமேல் கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் கிளை மறைக்காது. எத்திராஜ் அண்ணன் திரும்பி வரும்போது வெயில் உச்சியில் இருக்கும். தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும் நேரம். மலை சுற்றும் பாதையில், பகலிலேயே சுற்றுகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் யாராவது வருவார்கள். ஆனால் கூட்டம் கரைக்கு வந்தால் பறவை போய்விடும்.

ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய்த் துண்டின்மேல் வைத்தேன். ஸ்டாண்டைத் தோளில் வைத்துக் கொண்டுபோனேன். மிஞ்சியது ஹெட்.

ஆண்கள் அதைத் தோளில் தூக்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். தோளுக்கு ஏற்ற முயன்றேன், மார்புக்கு மேல் ஏறவில்லை. கீழே வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் அணைத்து இடுப்புக்கு ஏற்றினேன். உட்கார்ந்துகொண்டது. கீழ்பென்னாத்தூரில் பத்து வயதிலிருந்து நான் கிணற்றிலிருந்து தூக்கிவந்த நிறைகுடத்தின் எடைதான். இடது கை அதன் கழுத்தைச் சுற்றிக்கொள்ள, உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்து நடந்தது. கரைமேல் ஒரு சொட்டும் சிந்தாமல் நடப்பதுபோல நடந்தேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். எடைக்கற்களைக் கட்டினேன். குனியவைத்துக் கையை எடுத்தேன். நின்றது. மறைவு இல்லை, ஒரு ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன்.

மீன்கொத்தி வந்தது. நின்றது. கேமராவை ஓடவிட்டேன். கைப்பிடியை நான் பிடித்திருந்ததாகவே நினைவில்லை. அது இறக்கையை மடக்கிய கணத்தில் கேமராவும் குனிந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தன. தண்ணீர் வெள்ளையாக உடைந்தது. பறவை குறுக்கே மீனைக் கவ்வியபடி எழுந்தது, மதகுக்கல்லில் போய் உட்கார்ந்தது, மீனைக் கல்லில் இரண்டு முறை அடித்தது, விழுங்கியது. படச் சட்டத்தை விட்டு ஒரு கணமும் வெளியே போகவில்லை. பிறகு சுருள் தீர்ந்து, ஃபிலிமின் முனை உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கரைக்குக் கீழே ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"எடுத்துட்டேங்க."

"எதைம்மா?"

"மீன்கொத்தி மீன் புடிச்சதை. முழுசா."

அவர் மாட்டின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தாமல் ஏரியைப் பார்த்தார்.

"அது தெனம் புடிக்குதேம்மா," என்றார்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"சொல்லாதம்மா"

எத்திராஜ் அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். எனக்கும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஹெட் இடம் மாறியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு தூக்குனது?"

"நான்தாண்ணா. ஷாட் கெடச்சுடுச்சு."

"எப்டி தூக்குன?"

"இடுப்புல."

முதல்முறையாக மேடம் என்று சொல்லவில்லை. ஹெட்டைச் சுற்றிவந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பனைமரத்தடியில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனில சொல்லிடாதம்மா. இதை ஒரு ஆளு தூக்க முடியாது, பழக்கமான ஆம்பள வேணும்னுதான் எங்கள வெச்சிருக்காங்க. நீ இடுப்புல தூக்குனன்னு தெரிஞ்சா எங்க பொழப்பு போச்சு."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், அவர் இன்று அந்த வேலையில் இல்லை என்பதுதான். மகனின் சைக்கிள் கடையில் இருக்கிறார். பெண்ணுக்கு அடுத்த வருடமே கல்யாணம் ஆயிற்று. அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்று பஸ்ஸில் அவர் செஞ்சி வரை ஒன்றும் பேசவில்லை. ஹெட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஏதாவது பேசினால் தேவலை என்று இருந்தது.

தில்லியில் கேட்ட கேள்வி

என் ஷாட்டை அங்கே இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். விளக்கைப் போட்டதும் ஓர் அதிகாரி கேட்டார்: "இதை எடுக்கும்போது யூனிட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?"

அந்தக் காலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "நான் மட்டும்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கிடைத்தது.

சொல்வதற்குக் கையில் ஒன்று இருந்ததால், தில்லிக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குப் போனேன். அப்பா உத்தரவுக் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடிக்காமல் கவனமாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "சர்க்கார் உத்தியோகமா?" என்றார். ஆமாம் என்றேன். "சாப்பிடு" என்றார்.

இப்போது நிலவரம் இது. அந்தப் பிரிவில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. எனக்கென்று ஒரு ஃப்ளூயிட் ஹெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நடுத்தர எடை, என் கேமராவுக்கு ஏற்ற ஸ்பிரிங். வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். சதுப்பு நிலங்களுக்கும் பாலைவனத்துக்கும் அதோடு போய்வந்திருக்கிறேன். மற்றக் கேமராக்காரர்களுக்கு ஆளுக்கு ஓர் உதவியாளர் உண்டு. எனக்கும் ஒருவர் வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன். முதல் படத்தையே தனியாக எடுத்தவருக்கு அவசியம் இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. நாளை மறுநாள் ஒரு நதிக்கரைக்குப் போகிறேன், முதலைகளுக்காக. ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்.